டெஸ்டர் அண்ணனும் எங்கள் வீட்டுச் சிம்னியும்

போடிநாயக்கனூரிலேயே கரண்டைக் கண்டு பயப்படுகிற ஒரே எலக்ட்ரீசியன் டெஸ்டர் அண்ணன்தான். மற்ற எலக்ட்ரீசியன்கள் செல்போனில் பேசிக்கொண்டே ஒயரைப் பல்லால் கடித்துத் தோலுரிப்பார்கள். இவர் ஃபியூஸ் போன பல்பைக் கழற்றுவதற்கும் மெயினை நிறுத்தச் சொல்வார். நிறுத்தியதும் டெஸ்டர் வைத்துப் பார்ப்பார். பார்த்த பிறகும் திருப்தி வராமல், "எதுக்கும் இன்னொருக்க பாத்துச் சொல்லுங்க டீச்சர், ஆஃப்லதான இருக்கு?" என்பார்.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டில் கட்டாயம் இருக்கும். ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தச்சர்கள் காதில் பென்சில் செருகுவார்களே, அந்த இடத்தில் மஞ்சள் பிடி போட்ட டெஸ்டர் ஒன்று எப்போதும் இருக்கும். முடி வெட்டிக்கொள்ளும்போதும் அதை எடுக்க மாட்டார், சலூன்காரர் அந்த இடத்தைச் சுற்றி வெட்டிவிடுவார் என்று என் கணவர் செல்வம் சொல்வார். நான் பார்த்ததில்லை. ஆனால் நம்புகிறேன்.

யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் இரும்புக் கேட்டைப் புறங்கையால் தொடுவார். உள்ளே தண்ணீர் கொடுத்தால் குடிப்பதற்கு முன் ஃபிரிட்ஜ் கைப்பிடியில் டெஸ்டரை வைப்பார். ஒரு தடவை எங்கள் தெருவில் புதிதாகக் குடிவந்தவர்கள், வாசல் கேட்டை ஒருவர் தடவித் தடவிப் பார்ப்பதைக் கண்டு திருடன் என்று பிடித்து வைத்துவிட்டார்கள். விடுவிக்கப் போன செல்வத்திடம் அவர் சொன்ன முதல் வார்த்தை: "தம்பி, இவுக கேட்டுல கரண்ட் இல்ல. நல்ல மனுசங்க."

ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்ததை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறோம். பெண் வீட்டார் அழைத்திருந்தார்கள் என்று டெஸ்டர் அண்ணன் வேட்டி சட்டையில் போயிருக்கிறார். வாசலில் இரும்பு ஆர்ச். அதில் சீரியல் லைட். போனவர் பழக்கதோஷத்தில் டெஸ்டரை வைத்திருக்கிறார், அதன் விளக்கு எரிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் மேளத்தோடு வந்து இறங்கினார்கள். இவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நடுவாசலில் நின்று, "செருப்பக் கழட்டாம வாங்க, ஆர்ச்சுல கை படாம வாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். இவர் பெண்ணுக்குத் தாய்மாமன் போல, இது அவர்கள் பக்கத்து வழக்கம் என்று நினைத்து மாப்பிள்ளையின் அத்தை, "அவுக சொன்னபடியே வாங்கடி" என்று கூட்டத்துக்கே உத்தரவு போட்டுவிட்டார். அத்தனை பேரும் செருப்போடு மணமேடை வரைக்கும் போனார்கள். மாப்பிள்ளை பூட்ஸோடு தாலி கட்டப் போனபோதுதான் ஐயர் பதறினார்.

இதையெல்லாம் ஊர் பொறுத்துக்கொண்டது. பொறுக்க முடியாத பழக்கம் ஒன்று இருந்தது. கரண்ட் போனால் அவர் ஓடிவிடுவார்.

கரண்ட் போனால் எல்லா எலக்ட்ரீசியன்களும் டீக்கடைக்குப் போவார்கள். அது முறை. இவர் கையில் இருப்பது எதுவானாலும் அப்படியே போட்டுவிட்டு, பழைய மொபெட்டை உதைத்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கமாகப் பறந்துவிடுவார். என் சிநேகிதி வீட்டில் சீலிங் ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு போல்ட்டில் ஒன்றை முடுக்கியாயிற்று. கரண்ட் போனது. ஏணியை விட்டு இறங்கினார், போய்விட்டார். ஃபேன் ஒற்றைப் போல்ட்டில் தொங்குகிறது. வீட்டில் உள்ளவர்கள் சுவரோரமாக ஒட்டி ஒட்டி நடந்திருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து, ஒன்றுமே நடக்காதது போல ஏணியில் ஏறி இரண்டாவது போல்ட்டை முடுக்கினாராம்.

ஏன் ஓடுகிறார் என்பதற்கு டீக்கடையில் நான்கைந்து காரணங்கள் சொன்னார்கள். இருட்டுக்குப் பயம் என்றார்கள். பட்டப்பகலில் எங்கே இருட்டு என்று கேட்க யாரும் இல்லை. எங்கோ இரண்டாவது குடும்பம் இருக்கிறது, கரண்ட் போகிற நேரம்தான் சந்திக்கிற நேரம் என்றார்கள். இதைச் சொல்லி நானும் சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் என் முகம் சுருங்கிவிடுகிறது.

எங்கள் வீட்டுக்குச் சிம்னி வந்தது மகளால். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். "அம்மா, நீ தாளிக்கும்போது இருமுறது எனக்கு போன்ல கேக்குது" என்று சொல்லி, அடுப்புக்கு மேலே மாட்டுகிற புகைபோக்கி ஒன்றை வாங்கி அனுப்பிவிட்டாள். மாட்டித் தர ஒரு இளைஞர் வந்தார். இருபது நிமிடத்தில் சுவரில் மாட்டி, அதன் ஒயரை மிக்ஸியும் கிரைண்டரும் ஓடுகிற எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். மூன்று பின் அந்தப் பெட்டியில் நுழையவில்லை என்று மூன்றாவது பின்னைக் குறடு வைத்துப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்.

நான்காம் நாள் ஈரக்கையோடு சிம்னியின் விளிம்பைத் தொட்டேன். முழங்கை வரைக்கும் சுர்ரென்றது.

"சிம்னி ஷாக் அடிக்கிதுங்க" என்றேன்.

செல்வம் ஏலக்காய் தரம் பிரிக்கிற கடையில் சூப்பர்வைசர். எதையும் சல்லடையில் போட்டுச் சலித்துத்தான் சொல்வார். "பெரிசாவா, பொடிசாவா?"

"சுர்ருங்குது."

"அப்பப் பொடிசுதான். செருப்பு போட்டுக்கிட்டுச் சமையி."

ஒரு வாரம் செருப்பு போட்டுக்கொண்டு சமைத்தேன். பிறகு டெஸ்டர் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன்.

வந்தார். கேட்டைத் தொட்டார். சமையலறை வாசலிலேயே நின்று சிம்னியையும் எக்ஸ்டென்ஷன் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். டெஸ்டரைச் சிம்னியின் தகட்டில் வைத்தார். அது கார்த்திகைக்கு ஏற்றிய விளக்கு மாதிரி பளிச்சென்று எரிந்தது. நான் பத்திரப்படுத்தி வைத்திருந்த அந்தப் பித்தளைப் பின்னைக் காட்டினேன். கையில் வாங்கி, செத்துப்போன குருவியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இதத்தான டீச்சர் பிடுங்கக் கூடாது. தகட்டுல கரண்ட் எறங்குனா, உங்க மேல ஏறாம மண்ணுக்குக் கூட்டிட்டுப் போறது இந்த மூணாவதுதான்."

பிறகு எங்கள் வீட்டு எர்த் ஒயர் எங்கே போகிறது என்று தேட ஆரம்பித்தார். பச்சை ஒயரைப் பிடித்துக்கொண்டே பின்பக்கம் போனார். மாமனார் காலத்தில் அதைத் தண்ணீர்க் குழாயில் சுற்றியிருக்கிறார்கள். அப்போது அது இரும்புக் குழாய். துரு பிடித்ததென்று செல்வம்தான் பிறகு பிளாஸ்டிக் குழாயாக மாற்றினார். மாற்றியவர் மறக்காமல் அந்த ஒயரையும் எடுத்துப் புதுக்குழாயில் ஒழுங்காகச் சுற்றி வைத்திருந்தார்.

"தம்பி," என்றார் டெஸ்டர் அண்ணன், "உங்க வீட்டு எர்த்து பிளாஸ்டிக் பைப்புல நிக்குது."

"நல்லா இறுக்கித்தான்ணே சுத்துனேன்" என்றார் செல்வம்.

டெஸ்டர் அண்ணன் நேரே மெயின் போர்டுக்குப் போனார், ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், மொபெட்டில் ஏறினார். "எர்த்து இல்லாத வீட்டுக்குக் கரண்ட் எதுக்கு டீச்சர்? சாமான் வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

ஒரு மணி நேரம் பொறுத்தேன். ஃபிரிட்ஜில் மீன். மாவு ஆட்ட வேண்டும். அரைப் பரீட்சைத் தாள் ஒரு கட்டு கிடக்கிறது. மதியமாகியும் ஆளைக் காணோம். எனக்கு வந்த கோபத்தில் குடையை எடுத்துக்கொண்டு, விசாரித்து விசாரித்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் அவர் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். ஃபியூஸ் கட்டையை வாங்காமல் திரும்புவதில்லை என்று சபதம்.

கதவு திறந்திருந்தது. உள்ளே ஏதோ ஒரு மெஷின் சீரான மூச்சு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஒடிசலான உடம்பு. மூக்கில் இரண்டு முனைக் குழாய், அதன் மறுமுனை அந்த மெஷினில். ஆக்சிஜன் மெஷின்.

"சிம்னி டீச்சரா?" என்றார். நான் தலையாட்டினேன். "உக்காருங்க. உங்க வீட்டுப் பீசுக்கட்டை அந்தச் சாமி படத்துக்கு முன்னால இருக்கு. எடுத்துட்டுப் போயிறாதீக, மனுசன் அழுதுருவாரு. கரியும் உப்பும் வாங்கப் போயிருக்காரு. எர்த்து குழிக்கு."

ராசாத்தி அக்கா. டெஸ்டர் அண்ணனின் மனைவி. நான்கு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சுக்கு நிறுத்தி, மீதியைச் சிரிப்பால் முடிப்பார். போடிமெட்டுக்கு மேலே கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் இருபத்தைந்து வருடம் இருந்திருக்கிறார்கள். அண்ணனுக்குத் தோட்டத்தில் மோட்டார், லைட் பார்க்கிற வேலை. அக்காவுக்குக் காலையில் காய் எடுப்பு, சாயங்காலம் காய் உலர்த்துகிற கட்டடத்தில் அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை. அது முடிந்து வந்தால், ஜன்னல் இல்லாத ஒற்றை அறை வீட்டில் ஈர விறகு அடுப்பு.

"அங்கிட்டும் புகை, இங்கிட்டும் புகை" என்றார். "நெஞ்சு கரியாப் போச்சுன்னுட்டாரு டாக்டரு. குளிரு ஆகாதுன்னு கீழ எறங்கி வந்துட்டோம். மூணு வருசமா இந்தக் குழாதான். அடுப்படிப் பக்கம் விடமாட்டேங்கிறாரு. அவரே பொங்குறாரு. ரசம்னு ஒண்ணு வைப்பாரு பாருங்க, கரண்டே தேவல."

நான் சிரித்த அந்த நேரத்தில் ஃபேன் நின்றது. கரண்ட் போய்விட்டது. மெஷின் ஒரு விக்கல் விக்கி, மூலையில் இருந்த இன்வெர்ட்டரில் மறுபடி ஓடத் தொடங்கியது.

ராசாத்தி அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இந்தா, வருவாரு பாருங்க."

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. மொபெட் சத்தம். டெஸ்டர் அண்ணன் தலையெல்லாம் கரித்தூளோடு உள்ளே வந்தார். என்னைக் கவனிக்கவே இல்லை. மெஷினில் கை வைத்தார். குழாயின் முனையைத் தன் கன்னத்தருகே பிடித்துக் காற்று வருகிறதா என்று பார்த்துவிட்டு மூக்கில் மாட்டிவிட்டார். பேட்டரியைத் தொட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த சிலிண்டரைத் திறந்து மூடினார்.

"மதி, மதி" என்றார் ராசாத்தி அக்கா. மலையில் போதும் என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள். "டீச்சர், நீங்களே சொல்லுங்க. கரண்ட் போனா பேட்டரி. பேட்டரி போனா சிலிண்டர். எல்லாம் இருக்கு. இருந்தும் கண்ணால வந்து பாக்கணுமாம்."

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். கூச்சத்தோடு தலையைத் தட்டிக்கொண்டார், கரி உதிர்ந்தது.

"ஒரு சீவன் கரண்டுல மூச்சு விடுது டீச்சர். அத எப்படி வெளாட்டா எடுக்க?"

ஃபியூஸ் கட்டையைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. குடையை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

மறுநாள் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஆள் இடுப்பளவுக்கும் மேலே குழி தோண்டி, நீளக் குழாயை இறக்கி, கரியும் உப்பும் மாறி மாறிக் கொட்டி, தண்ணீர் ஊற்றினார். போர்டிலிருந்து சிம்னிக்கென்று தனியாக மூன்று ஒயர் இழுத்தார். அடுப்புச் சூடு படாமல் பக்கவாட்டில் உயரமாக ஒரு பிளக், என் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு சுவிட்ச். போர்டில், கரண்ட் கசிந்தால் கண்ணிமைப்பதற்குள் தானே விழுந்துவிடுகிற சுவிட்ச் ஒன்று. இதெல்லாம் முடிகிற வரைக்கும் மெயின் போர்டுக்கு முன்னால் எனக்கு ஒரு நாற்காலி போடப்பட்டது. "யாரு வந்து கேட்டாலும் போடக் கூடாது. தம்பி கேட்டாலும்" என்று உத்தரவு. மூன்று மணி நேரம் காவல் இருந்தேன். இருபத்தேழு பரீட்சைத் தாள் திருத்தினேன்.

கடைசியில் சிம்னியின் புகைக்குழாயைப் பிடித்துக்கொண்டே போனவர், பரணில் ஏறி எட்டிப் பார்த்தார். மாட்டிய இளைஞர் அதை வெளியே விடாமல் பரணுக்குள் விட்டிருந்தார்.

"புகையப் பரண்ல சேத்து வச்சு என்ன செய்யப் போறீக டீச்சர்?" என்று கேட்டார். சிரிப்பாகத்தான் கேட்டார். ஆனால் அடுத்த நிமிடம் முகம் மாறிவிட்டது. வேறு எந்த வேலைக்கும் இல்லாத வேகத்தில் சுவரைக் குடைந்து, குழாயை வெளியே கொண்டுபோய் முடித்தார். பிறகு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்பு மேல் பிடித்துச் சிம்னியைப் போட்டார். புகை வளையாமல் நேராக மேலே போனது. பின்பக்கம் ஓடிப்போய் அது வெளியே வருகிறதா என்று பார்த்தார். திரும்ப உள்ளே வந்து பார்த்தார். மறுபடி வெளியே போனார்.

"டீச்சர்," என்றார், போகும்போது. "ஒருநா ராசாத்தியக் கூட்டியாந்து இதக் காட்டவா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் வந்தார்கள். ராசாத்தி அக்கா ஜரிகைப் புடவை, தலையில் பிச்சிப்பூ, மூக்கில் குழாய். கையோடு கொண்டுவந்த சிறிய சிலிண்டருக்கு டெஸ்டர் அண்ணன் ஹாலில் டேப் வைத்து இடம் அளந்தார். அடுப்புக்கும் ஆக்சிஜனுக்கும் ஆகாது. சமையலறை வாசலுக்கு அந்தப் பக்கம், பன்னிரண்டு அடி தள்ளி நாற்காலி. அங்கிருந்து ராசாத்தி அக்கா வேடிக்கை பார்த்தார். நான் மிளகாய் வற்றலைத் தாளித்தேன். நெடி எழும்பியது, மேலே போனது, காணாமல் போனது. ஒருவரும் இருமவில்லை.

ராசாத்தி அக்கா நெடி போன இடத்தையே அண்ணாந்து பார்த்தார். பிறகு, "இவ்வளவுதானா" என்றார். "இவ்வளவு சுளுவா போயிருமா இது?"

புடவை மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். நெத்திலிக் கருவாடு.

"நான் வறுக்கணும் டீச்சர். மூணு வருசமாச்சு."

டெஸ்டர் அண்ணன் முடியாது என்றார். ராசாத்தி அக்கா மலையாளத்தில் ஏதோ சொன்னார். டெஸ்டர் அண்ணன் தலை குனிந்தார். சிலிண்டர் மூடப்பட்டு வாசலுக்கு வெளியே ஆட்டோவுக்குப் போனது. குழாய் கழற்றப்பட்டது. காற்றாட எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க விட்டார். ராசாத்தி அக்கா அடுப்பு முன் நின்றார். வலக்கையில் கரண்டி. இடக்கை விரலில், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு காட்டுகிற கிளிப். பக்கத்தில் அந்தக் கையைப் பிடித்தபடி டெஸ்டர் அண்ணன், பஸ் கண்டக்டர் ஊர்ப்பெயர் கூவுவது போல ஒவ்வோர் எண்ணாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தொண்ணூத்திமூணு. வெரசா கிண்டு. தொண்ணூத்திரெண்டு. போதும் ஆத்தா, செவந்துருச்சு."

"இது செவப்பா? பொறுங்க."

"தொண்ணூத்தொண்ணு. எறக்கிரு."

"உப்புப் பாக்கணும்."

"தொண்ணூறு. கருவாட்டுக்கு எவளாவது உப்புப் பாப்பாளா? எறக்குடி சட்டிய."

இறக்கினார். நாற்காலிக்கு வந்து குழாயை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு பெரிய மலை ஏறி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கினார். ஆனால் வாய் சிரித்துக்கொண்டே இருந்தது. அன்று நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். கருவாட்டில் உப்புக் கரித்தது. ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை.

அதன்பிறகு நான்கு தடவை வந்தார்கள். ஐந்தாவது தடவைக்கு நாள் குறித்திருந்தோம்.

ஐப்பசி மழையில் ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. செய்தி வந்ததும் ஓடினோம். டெஸ்டர் அண்ணன் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் சொன்னது இதுதான்.

"கரண்ட் இருந்துச்சு டீச்சர். இன்னைக்கு ஒரு நிமிசங்கூடப் போகல."

அதையே வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னார். கேட்டவர்களுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அவர் காவல் இருந்த வாசல் ஒன்று. அக்கா போனது வேறு வாசல் வழியாக.

போஸ்டர் அடிக்கப் பெயர் கேட்டு வந்தார்கள். ராசாத்தி அக்கா பெயரைச் சொல்லியாயிற்று. கணவர் பெயர்? எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூன்று நான்கு வருடப் பழக்கம், யாருக்கும் தெரியவில்லை. அவரிடமே போய்க் கேட்டார் செல்வம்.

"டெஸ்டர்னே போடுங்க தம்பி. அவளும் அப்படித்தான் கூப்பிட்டா."

சாயங்காலம் ஐஸ் பெட்டி வந்தது. உடலை உள்ளே வைத்து, கண்ணாடியை மூடி, பிளக்கைச் செருகினார்கள். பக்கத்து வீட்டுப் பெண் மாலை வைக்கப் போனவர் விருட்டென்று கையை இழுத்தார். துக்க வீட்டில் என்ன பேசுவது என்று சும்மா இருந்துவிட்டார். ஆனால் வாசலில் ஆண்களோடு துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த டெஸ்டர் அண்ணன் அந்தக் கை இழுபட்டதைப் பார்த்துவிட்டார்.

எழுந்து உள்ளே வந்தார். காதிலிருந்து டெஸ்டரை எடுத்துப் பெட்டியின் விளிம்பில் வைத்தார். எரிந்தது. பிளக்கைப் பிடுங்கினார்.

பெட்டி கொண்டுவந்தவர் பதறினார். "அண்ணே, தெனம் ரெண்டு வீட்டுக்குப் போற பொட்டி. லேசா லீக்கேஜ் இருக்கத்தான் செய்யும். செத்தவுகளுக்கு என்னண்ணே செய்யப் போகுது?"

"செத்தவளுக்கு ஒண்ணுமில்ல அப்பு" என்றார் டெஸ்டர் அண்ணன். கோபமே இல்லை. "அவகூடக் காய் எடுத்தவளுக மேல இருந்து ஜீப்புல வந்துக்கிட்டு இருக்காளுக. வந்ததும் பொட்டியக் கட்டிப்பிடிச்சுத்தான அழுவாளுக."

அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிளக்கைப் பிரித்தார். மூன்றாவது ஒயர் உள்ளே சும்மா கிடந்தது. திருப்புளி இரண்டு முறை நழுவியது. செல்வம் போய் எதிரே உட்கார்ந்து ஒயரைப் பிடித்துக்கொண்டார். மாட்டி முடித்து, ஆக்சிஜன் மெஷினுக்கென்று அவர் தன் கையால் போட்டிருந்த பிளக்கில் செருகினார். டெஸ்டரை வைத்தார். எரியவில்லை. புறங்கையால் தொட்டார். ஒன்றுமில்லை. பிறகு கையைத் திருப்பி உள்ளங்கையைக் கண்ணாடி மேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. அதுவரை அழாதவர் அப்போதுதான் அழுதார்.

சற்று நேரத்தில் ஜீப் வந்தது. நனைந்த புடவைகளோடு ஏழெட்டுப் பெண்கள் இறங்கி, "ராசாத்தி" என்று ஓடிவந்து அந்தப் பெட்டி மேல் விழுந்தார்கள். ஈரக்கையால் அதை அடித்து அடித்து அழுதார்கள். ஒரு கையும் சுர்ரென்று இழுபடவில்லை. அவர் சுவரோரமாக நின்று ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் எந்த வேலைக்கும் வரவில்லை. நானும் செல்வமும் போய்ப் பார்த்தோம். சந்தில் நுழையும்போதே அந்தச் சத்தம் கேட்டது. ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கட்டில் காலி. குழாயைச் சுருட்டித் தலையணை மேல் வைத்திருந்தார்.

"நிறுத்துனா வீடு சத்தமில்லாமப் போயிருது டீச்சர்" என்றார்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் சமைக்கிற பஞ்சவர்ணத்தின் மாமனார், பக்கத்து ஊர் சிலமலைக்காரர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறார். வீட்டில் இந்த மெஷின் வைக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

செல்வம் மெதுவாகச் சொன்னார். "நேத்துப் போயிப் பாத்துட்டு வந்தேன்ணே. அவுக வீட்ல எல்லாம் ரெண்டு ஓட்டைப் பிளக்கு."

டெஸ்டர் அண்ணன் தலை நிமிர்ந்தது. "எர்த்து?"

"அப்படின்னா என்னன்னு கேக்குறாக."

"அதுல போயி இத மாட்டிருவாகளா?" என்றார், தனக்குத்தானே. பிறகு எழுந்தார். மெஷினுக்கு முன்னால் போய் நின்றார். சுவிட்சை அணைத்தார். அது ஒரு நீளமூச்சு விட்டு நின்றது. நாங்கள் மூன்று பேரும் அந்த அமைதியில் அப்படியே நின்றோம்.

"வண்டில வச்சுக் கட்டணும்" என்றார். "கயிறு கொண்டாங்க தம்பி."

சிலமலையில் இரண்டு நாள் தங்கிக் குழி தோண்டி, எர்த் போட்டு, மெஷினை மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். அந்தப் பெரியவருக்கும் அவருக்கும் ஓயாமல் சண்டையாம். இவர் வந்தால் டி.வி. பார்க்க விடுவதில்லையாம், டெஸ்டர் எரிகிறது என்று செட்டாப் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிடுகிறாராம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறார். வாருங்கள் என்று நாங்கள் சொன்னதும் இல்லை, வருகிறேன் என்று அவர் சொன்னதும் இல்லை. ஒரு மணி தாண்டியும் மொபெட் சத்தம் கேட்கவில்லையென்றால், செல்வம் காற்று வாங்குவதாகச் சொல்லிக்கொண்டு தெருமுனைக்குப் போய் நின்றுவிடுவார். நான் சோற்றுப் பானையை மூடி வைத்துவிட்டு அவருக்குப் பின்னாலேயே போய் நிற்பேன்.